தப்புக் கணக்கு: ஒரு மூன்றாம் வகுப்பு நோட்டை முன்வைத்து

'நூத்தி அஞ்சு' என்று சொன்னேன். அந்தச் சிறுமி 1005 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அடுத்தது 'முப்பத்தஞ்சு'. 305. இன்னொரு பெருக்கல் குறி. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, 'இதுகளுக்கெல்லாம் கணக்கு எங்க சார் ஏறும்' என்றார். 'இதுகள்' என்ற சொல்லுக்குள் எந்தத் தெரு இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்துக்குக் கணக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பிரதியை வாசிப்பது பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். தேர்வு என்பது ஒவ்வொரு ஆளையும் ஒரு 'வழக்காக' மாற்றுகிறது என்று ஃபூக்கோவைப் படித்துத் தலையாட்டியிருக்கிறோம். ஆனால் ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தையின் நோட்டை வாசிப்புக்குரிய பிரதியாக நாம் கருதியதில்லை. அது திருத்தப்படுவதற்கென்றே இருப்பதாக எண்ணம். 1005ஐக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம்.

'நூத்தி' என்ற ஒலிக்கு 100. 'அஞ்சு' என்ற ஒலிக்கு 5. கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறாள். 'முப்பது'க்கு 30, 'அஞ்சு'க்கு 5, ஆக 305. இங்கே ஒரு விதி பிசகாமல் செயல்படுகிறது. விதியோடு வரும் பிழைக்கு அறியாமை என்று பெயர் வைக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய தமிழ் எண்முறையே இந்தத் தர்க்கத்தில்தான் நின்றது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள். நூற்றைந்து என்றால் ௱௫. முப்பத்தைந்து என்றால் ௩௰௫. பூஜ்யம் தேவைப்படவில்லை. வாய் சொன்னதைக் கை எழுதியது. அந்தக் குறிகளைக் கண்ணால்கூடப் பார்த்திராத இவள் அதே தர்க்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். கல்வெட்டில் இருந்தால் பெருமை, நோட்டில் இருந்தால் தப்பு.

இடமதிப்பு என்பது முற்றிலும் வேறான ஒரு மொழி. குறியின் பெறுமானம் அது நிற்கும் இடத்தால் தீர்மானமாகிறது. காலி இடத்துக்கும் ஒரு குறி வேண்டியிருக்கிறது. பூஜ்யத்தோடு கணக்கிடும் விதிகளை பிரம்மகுப்தர் எழுதியது 628இல். 1299இல்கூட ஃபுளோரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர் சங்கம் தன் கணக்கேடுகளில் இந்த எண்களைத் தடைசெய்தது. வளர்ந்த வியாபாரிகளே தயங்கி நின்ற ஒன்றுக்கு, எட்டு வயசுப் பிள்ளைக்கு நாம் ஒதுக்கியது இரண்டு பீரியடு. அப்புறம் 'மண்டையில ஏறல' என்கிறோம்.

உடனே நண்பர்கள் சிலர், 'அப்ப திண்ணைப் பள்ளிக்கே போயிரலாமா, எண்சுவடியை எடுத்துரலாமா' என்று உற்சாகமாகலாம். எனக்கு அந்த உற்சாகம் இல்லை. முந்திரி என்றால் 1/320 என்பதுவரை மனப்பாடம் செய்வித்த அந்தக் கணிதம் பிரமிப்பூட்டுவதுதான். ஆனால் அது விளைச்சலையும் வாரத்தையும் கூலியையும் அளந்து எழுதிய கணக்கு. களத்தில் நெல்லடித்தவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமிருந்ததா? பரம்பரைக் கர்ணம் பதவியைத் தமிழ்நாடு ஒழித்ததே 1980இல்தான். 'கணக்கு' என்ற சொல்லில் அந்த அதிகாரத்தின் வாசனை இன்னும் இருக்கிறது.

எனவே பிழையைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடும் பின்நவீன உல்லாசமும் நமக்கு ஆகாது. இந்தச் சிறுமியின் அம்மா பீடி சுற்றுகிறவர். கட்டுக்கு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம் என்பது இவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் கூலியும் கழிவும் பாஸ்புத்தகத்தில் எண்களாக ஏறுகின்றன. தரமில்லை என்று எத்தனை பீடி கழிக்கப்பட்டது என்பதை அவள் வாசித்தாக வேண்டும். இடமதிப்பு அவளுக்கு நாம் போடும் பிச்சையல்ல, அவளது உரிமை.

1985இல் காரஹர், ஷ்லீமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரேசிலின் ரெசீஃபே நகரில் சந்தையில் விற்கும் 5 பிள்ளைகளைக் கவனித்து எழுதினார்கள். விற்கும் இடத்தில் போட்ட கணக்குகளில் 98.2 சதவீதம் சரி. அதே கணக்குகளைக் காகிதத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8. பிள்ளைகள் மாறவில்லை. அவர்களிடம் கணக்குக் கேட்ட விதம் மாறியது.

நம் ஊரிலும் கேட்கும் விதத்தை மாற்ற முயற்சிகள் நடக்காமலில்லை. 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஆசிரியரைத் தரையில் உட்கார வைத்தது. அது சின்ன விஷயமல்ல. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என அழகான பெயர்கள். ஆனால் குழந்தை எந்த நிலை என்று பதியும் ஆசிரியர், அவள் ஏன் 1005 என்று எழுதினாள் என்று கேட்காவிட்டால், சிவப்பு மை பூவின் பெயரில் தொடர்கிறது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். 'நூத்தி அஞ்சு பெருசா, இருநூறு பெருசா?' 'இருநூறு சார்.' அவள் எழுதிய 1005ஐயும் 200ஐயும் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். 'ஆனா இதுல்ல நீளமா இருக்கு?' அந்தக் கேள்வியை என்னால் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. அது அவள் விதிக்குள்ளிருந்தே எழுந்தது. அட்டையில் 100 எழுதி, கடைசிப் பூஜ்யத்தின் மேல் 5 எழுதிய சிறு அட்டையை வைத்தேன். 'பூஜ்யம் எங்க போச்சு?' 'போகல சார், அடியில ஒளிஞ்சிருக்கு.'

பிறகும் 'இருநூத்தி ஏழு'க்கு 2007 என்று எழுதினாள். அவளே அழித்தாள். இது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல.

நமது அடுத்த கூட்டத்துக்கு வரும் ஆசிரிய நண்பர்கள் கட்டுரையோடு ஆளுக்கொரு கணக்கு நோட்டும் கொண்டு வாருங்கள். தப்பு என்று நாம் குறி போட்ட பக்கங்களை மட்டும் வாசிப்போம். நான் இந்த நோட்டைக் கொண்டு வருகிறேன்.