பூட்ஸ் கோட்பாட்டில் செருப்பு தைக்கிறவர் எங்கே?

ஏழைக்கு ஏன் எல்லாமே கூடுதல் விலையில் முடிகிறது என்று இணையத்தில் பேச்சு வந்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் பூட்ஸ் கோட்பாட்டை எடுத்துப் போட்டுவிடுவார். டெர்ரி பிராட்செட் 1993-ல் எழுதிய 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் வருவது அது. காவல்படை கேப்டன் சாம் வைம்ஸுக்கு மாதச் சம்பளம் 38 டாலர், அதுபோகச் சில படிகள். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். அவர் கைக்கு எட்டுவது 10 டாலர் பூட்ஸ். அது ஒன்றிரண்டு பருவத்தில் ஓட்டையாகிவிடும். 50 டாலர் வைத்திருப்பவன் பத்து வருஷம் கால் நனையாமல் நடப்பான். ஏழை அதே பத்து வருஷத்தில் 100 டாலர் செலவு பண்ணியும் கால் நனைஞ்சுதான் கிடக்கும்.

கருத்து புதுசு இல்லை. 1914-ல் வெளிவந்த ராபர்ட் ட்ரெஸலின் நாவலிலும் தொழிலாளிகள் மட்டமான பொருளை அதிக விலைக்கு வாங்க வேண்டியிருப்பது பேசப்படுகிறது. ஆனால் பிராட்செட் அதை ஒரு ஜோடி பூட்ஸுக்குள் அடக்கிக் காட்டினார். 2022-ல் பிரிட்டனில் ஜாக் மன்ரோ, ஏழைகள் வாங்கும் மளிகையின் விலையேற்றத்தைக் கணக்கிட முனைந்தபோது அந்தப் பட்டியலுக்கு வைம்ஸ் பெயரையே வைத்தார். அந்த அளவுக்கு வலுவான உவமை. ஏழையிடம் மொத்தமாகப் பணம் இல்லாததே அவனுக்கு ஒரு செலவு என்ற அதன் மையத்தில் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு வேறு இடத்தில். அந்தக் கணக்கில் இரண்டே வழிகள்: நல்லதை வாங்கு, இல்லாவிட்டால் மட்டமானதைத் திரும்பத் திரும்ப வாங்கு. மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க வாழ்றதே அதுலதான். அறுந்தால் தைப்பது.

முதலில் 50 டாலர் பூட்ஸைப் பார்ப்போம். பத்து வருஷம் தினமும் போட்டு நடந்தால் எந்தத் தோல் பூட்ஸுக்கும் சோல் தேயும், குதிகால் தேயும். பழைய முறையில் மேல்தோலுக்கும் சோலுக்கும் நடுவே 'வெல்ட்' என்ற தோல் பட்டையைச் சேர்த்துத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புது சோல் போடலாம், மேல்தோலுக்குச் சேதம் இல்லை. அந்த பூட்ஸ் பத்து வருஷம் உழைத்ததற்குப் பாதிக் காரணம் விலை என்றால் மீதிப் பாதி, அதைப் பிரித்துத் தைக்க ஓர் ஆள் இருந்தது. கோட்பாடு அந்த ஆளையும் அவர் கூலியையும் எழுதாமல் விட்டுவிட்டது.

அடுத்து 10 டாலர் பூட்ஸ். அது ஓட்டையான அன்றே குப்பைக்குப் போகணும்னு ஏன் வைக்கணும்? ஒரு கணக்குக்கு, 1,200 ரூபாய் ஷூ 12 மாதம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 100 ரூபாய். தைக்க 150 ரூபாய் கேட்கிறார்கள், தைத்தால் 3 மாதம் வரும் என்றால் மாதத்துக்கு 50. தைப்பதே லாபம். அதே 150-க்கு ஒரு மாதம்தான் தாங்கும் என்றால் நஷ்டம். ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் வாங்கிவிடு என்று ஒரு விதி சொல்வார்கள். அந்த விதிக்கு, தைத்த பிறகு எத்தனை மாதம் கிடைக்கும் என்ற கேள்வியே தெரியாது.

ஆனால் எல்லாவற்றையும் தைத்துவிட முடியுமா? இங்கேதான் 'விலை கூடினால் ஆயுள் கூடும்' என்பதும் உடைகிறது. இன்றைய பல ஷூக்களுக்கு பாலியூரித்தேன் சோல். அச்சில் மேல்பாகத்தின் மீதே வார்த்து ஒட்டவைப்பார்கள், பிரிக்கத் தையலே இல்லை. இதில் ஒரு வகை, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் ஆட்கள் நல்ல ஷூவைப் பத்திரமாகப் பரணில் வைப்பார்கள். நாலு ஐப்பசி மழை கழித்து எடுத்தால் சோல் மண்கட்டி மாதிரி உதிரும். போடாமல் வைத்தால் மிச்சம் என்ற வீட்டுக் கணக்கு அந்தப் பொருளிடம் செல்லாது. உதிர ஆரம்பித்த சோலில் ஊசியும் நிற்காது, பசையும் நிற்காது.

துபாயில் இருக்கும் நண்பர் ஒருத்தர் பழைய பனிச்சறுக்கு பூட்ஸ் படம் அனுப்பி, "மச்சான், இதை ஒட்டினா தாங்குமா?" என்று கேட்டார். (பாலைவனத்தில் ஏது பனி என்று கேட்பவர்களுக்கு: 2005 முதல் அங்கே ஒரு மாலுக்குள் பனிச்சரிவு ஓடுகிறது.) கேள்வி நல்ல கேள்வி. 1960-களில் அந்த பூட்ஸ் தோலிலிருந்து பிளாஸ்டிக் ஓட்டுக்கு மாறியது. அதில் பக்கிள் உடைந்தாலோ, பட்டை அறுந்தாலோ, உள்ளே இருக்கும் மெத்தை அமுங்கினாலோ மாற்றலாம், செலவும் குறைவு. சில மாடல்களில் முனை, குதி ரெண்டையும் திருகு கழற்றி மாற்றலாம். ஆனால் ஓடே விரிசல் விட்டால் பேச்சே வேறு. சறுக்கி விழும்போது பலகை காலை விட்டுக் கழன்றாகணும், தேவையில்லாத நேரத்தில் கழலவும் கூடாது. பூட்ஸின் முனையும் குதியும் சரியான அளவில் இருந்தால்தான் அது நடக்கும். அதற்காகவே ஐஎஸ்ஓ 5355 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பசை தடவி மிச்சம் பிடித்தால், தராசின் மறுதட்டில் இருப்பது பணம் இல்லை, கால் எலும்பு.

பனியை விடுங்கள், நெய்வேலி பக்கம் வாங்க. சுரங்கத்திலும் கட்டுமானத்திலும் போடும் பாதுகாப்பு ஷூவுக்கும் இதே கதைதான். இந்தியத் தரநிலை ஐஎஸ் 15298-ன் இரண்டாம் பகுதிப்படி அதன் முனை 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் வாய் பிளந்தால் தைக்கலாம், தைத்த ஓட்டை வழியே தண்ணீர் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். முனையில் ஒருமுறை பலமான அடி வாங்கியிருந்தால், வெளியே புதுசு மாதிரி பளபளத்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆக, விலைக்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சேதம் மாற்றக்கூடிய பாகத்திலா, உடம்பிலேயேவா? தைத்தது மறுபடி விட்டுப்போனால் நனைவது சாக்ஸா, உடைவது காலா? தைத்த பிறகு எத்தனை மாதம்? முதல் இரண்டும் தேறினால்தான் மூன்றாவதின் கணக்கே வேண்டும்.

இதில் முதல் கேள்விக்கான பதில் நம் கையில் இல்லை. பிரிக்க முடிகிற மாதிரி செய்வதா வேண்டாமா என்பதைத் தொழிற்சாலை எப்போதோ முடிவு செய்துவிட்டது. இந்தத் தீர்மானம் எடுக்கும் ஆட்கள் தூரத்திலும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் வரிசையாக நிற்கிறது. 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இருக்கிறது. ஆனால் 2022-ல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குத் தளம் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகள் விவசாயக் கருவி, மொபைல் போன்ற மின்னணுச் சாதனம், வீட்டு உபயோகப் பொருள், வாகனம். காலில் போடுவது அதில் வரவில்லை. ஏழை அடிக்கடி ரிப்பேர் பண்ணும் பொருளே விட்டுப்போயிருக்கிறது.

பிராட்செட் எழுதியது நகைச்சுவை நாவல், பொருளாதாரக் கட்டுரை இல்லை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை 'விலை கூடியதை வாங்கு' என்ற ஷாப்பிங் அறிவுரையாகச் சுருக்குபவர்களிடம்தான் எனக்குச் சண்டை. தைக்க முடியாத 5,000 ரூபாய் ஷூவை விட, தைக்க முடிந்த 1,200 ரூபாய் ஷூ வைம்ஸுக்கு நல்லது. அடுத்த முறை கடையில் ஷூவைக் கையில் எடுத்தால் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் திருப்பி, சோலின் ஓரத்தில் தையல் இருக்கான்னு பாருங்க. சில ஷூவில் அலங்காரத்துக்குக் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். நகத்தால் நெருடினால் நூல் இருக்கா, வெறும் அச்சா என்று தெரிந்துவிடும்.