பஸ்ஸில் படித்த மூன்று புத்தகங்கள்

ஆசிரியர் கேட்டது விமர்சனம். நான் அனுப்புவது அதுவல்ல. கடந்த ஆறேழு மாதங்களில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே பஸ்ஸில் படித்த மூன்று புத்தகங்களைப் பற்றிய என் சொந்த அபிப்பிராயங்கள், அவ்வளவுதான். வீடு பெரம்பலூரில், வேலை பார்க்கும் பாங்குக் கிளை அரியலூரில். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி மாட்டிக்கொண்டால் இன்னும் கால்மணி கூடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் பக்கத்தின் மேல் வெள்ளையாகப் புழுதி படியும்.

இப்படிப் படிக்கிறவன் தன்னைச் 'சாதாரண வாசகன்' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில் ஜான்சனின் சாதாரண வாசகனைப் பற்றியும், அந்தப் பெயரையே 1925இல் தன் கட்டுரைத் தொகுதிக்கு வைத்துக்கொண்ட வர்ஜீனியா வுல்ஃபைப் பற்றியும் பதினைந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அந்த வாசகனுக்கு ஊர் எது, ஜாதி எது, அவன் படிக்கிறபோது அவனுக்கு யார் சமைத்துப் போட்டார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை, எங்கள் பேராசிரியரும் கேட்கவில்லை. தமிழில் இந்த விவகாரம் வேறு விதமாக நடந்தது. நல்ல வாசகனுக்குப் பட்டதைச் சொன்னால் போதும், பட்டியல் போட்டால்கூடப் போதும் என்ற இடத்தில் க.நா.சு. நின்றார். 'படித்திருக்கிறீர்களா?' அந்த மனோபாவத்தில் வந்த புத்தகம்தான். படைப்பைப் பிரித்துப் பார்த்து அலசிக் காட்டாமல் அபிப்பிராயம் சொல்ல உனக்கு என்ன உரிமை என்ற கேள்வியோடு சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்தார். இரண்டு பேரிடமும் பாடம் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், பெரும்பாலும் க.நா.சு.வின் சுலபத்தை எடுத்துக்கொண்டு அவருடைய படிப்பை விட்டுவிட்டோம். 'எனக்குப் பிடித்தது' என்பது இன்று ஆசீர்வாதம் மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பிடித்தபோது எனக்குள் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையில் என் உத்தேசம்.

முதலில் கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' (1999). இவ்வளவு தாமதமாகப் படித்ததற்கு வெட்கப்பட வேண்டும். வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், விருத்தாசலத்து முந்திரிக்காட்டுப் பூமி. குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். ஆகவே பஸ்ஸில் வைத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடையாது. பெண் பார்க்க வந்தபோது காட்டியது ஒருவனை, தாலி கட்டியது வேறொருவன். இந்த ஒரு மோசடியிலிருந்து ஒருத்தியின் வாழ்வு முழுவதும் எப்படிச் சரிந்துகொண்டே போகிறது, சரிவில் எங்கெல்லாம் அவள் கையை ஊன்றிப் பார்க்கிறாள் என்பதே நாவல்.

முப்பது பக்கத்துக்குள் நான் உருகிவிட்டேன். 'நம்ம பேச்சு, நம்ம பேச்சு' என்று மனசு குதித்தது. ஓரங்களில் பென்சிலால் கோடு போட்டேன். அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் ஒரு நல்ல மதிப்புரையாகியிருக்கும். 'மண்ணின் மணம்' என்று முடித்திருப்பேன்.

எந்த 'நம்ம'? என் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. தெருவில் விளையாடிவிட்டு வந்து 'வூட்டுக்கு' என்று சொன்னால் அம்மா 'வீட்டுக்கு' என்று திருத்துவாள்; இரண்டாம் தடவை சொன்னால் தலையில் ஒரு குட்டு. இந்தப் பேச்சைப் பேசாமல் இருப்பதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். குணசேகரனின் சொற்களில் பலவற்றுக்கு அவரே 2007இல் வெளியிட்ட 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. நான் அடையாளம் கண்டுகொண்டது என் பேச்சை அல்ல. கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் எனக்குக் கேட்கிற பேச்சை.

அதே வாரத்தில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். காலையில், அஞ்சலை ஊர்வாயில் விழுந்து அவமானப்படுகிற பக்கங்களைத் தொண்டை அடைக்கப் படித்துவிட்டு இறங்கினேன். பதினோரு மணி சுமாருக்கு நகைக் கடனுக்கு ஒரு பெண் வந்தாள். கொண்டு வந்தது ஒரு ஜோடித் தோடு. பாரத்தில் கணவன் பெயர் எழுத வேண்டும். சொல்ல மாட்டேன் என்கிறாள். பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, 'நீ சொல்லேன்' என்று கண்ணைக் காட்டுகிறாள். அவருக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. 'பேர் சொல்லலைன்னா கடன் கெடையாது' என்று நான் உரக்கச் சொன்னேன். வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் அவள் எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டு பெயரைச் சொன்னாள். சாயங்காலம் பஸ்ஸில், விட்ட பக்கத்திலிருந்து எடுத்துப் படித்து மறுபடியும் உருகினேன்.

இதைப் பாவ மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. என் ரசனை எங்கே வேலை செய்தது, எங்கே செய்யவில்லை என்பதற்கு இது ஸ்தூலமான சாட்சி. இதற்குப் பிறகு 'அஞ்சலை'யை வேறு மாதிரி படிக்க வேண்டியதாயிற்று. முதல் தடவை நான் கவனிக்காமல் தாண்டிப் போனது அதில் வருகிற வேலை. முந்திரிக்காட்டு வேலை, களையெடுப்பு, கூலி. துக்கத்தைச் சொல்வதற்காக நாவல் வேலையை நிறுத்துவதில்லை. ஹார்டியின் 'டெஸ்' (1891) எங்களுக்குப் பாடமாக இருந்தது. டெஸ்ஸும் கூலி வேலைக்குப் போகிறவள்தான், ஏமாற்றப்பட்டவள்தான். ஆனால் ஹார்டி அவள் பக்கத்தில் நின்றுகொண்டு தெய்வங்களை விசாரணைக்கு இழுக்கிறார். பாத்திரங்கள் கிராமத்துப் பேச்சு பேச, அவர் மட்டும் படித்தவரின் பாஷையில் நமக்கு விளக்குகிறார். நாம் அவர் தோளோடு தோளாக, பத்திரமாக நின்றுகொள்ளலாம். குணசேகரனில் கதை சொல்கிற குரலும் அந்த ஜனங்களின் பேச்சிலிருந்து அதிக தூரம் விலகி நிற்பதில்லை. வாசகனுக்குத் தனி நாற்காலி போடப்படவில்லை. என் உருக்கம் நானே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்ட நாற்காலி.

இமையத்தின் 'செல்லாத பணம்' (2018) வாங்கியதற்குத் தலைப்புதான் காரணம். 2016 நவம்பர் 8க்குப் பிறகு வந்த வாரங்களில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். 500, 1000 ரூபாய் நோட்டுக் கதையாக இருக்கும் என்று நினைத்தேன். அதில்லை. தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி, என்ஜினியரிங் படித்தவள், பர்மாவிலிருந்து வந்த குடும்பத்து ஆட்டோ டிரைவர் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீக்காயத்தோடு பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறாள். பணம் இருக்கிற அப்பா வார்டுக்கு வெளியே நிற்கிறார். இதற்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. பரிசைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

பாதியில் மூடி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதையே சொல்கிறார்கள், அழுததையே அழுகிறார்கள். பேச்சு, பேச்சு, பேச்சு. ஒரு மாதம் கழித்து, வேறு புத்தகம் பையில் இல்லாத ஒரு நாளில் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை, சலிப்பு என்று நான் நினைத்தது ஆசிரியர் தெரிந்தே செய்த காரியம் என்று பட்டது. அந்த வராந்தாவில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, பேசுவதைத் தவிர. நேரம் போகாது; வீட்டுக்கும் போக முடியாது. வாசகனை அங்கே உட்கார வைத்துவிடுகிறார் இமையம். பணத்தைப் பற்றிய அவருடைய பார்வையும் கூர்மையானது. நாள் முழுக்கப் பணம் எண்ணுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் எப்போது தொகையாக இல்லாமல் வெறும் காகிதமாகிறது என்பதை, எந்த நோட்டும் செல்லாது என்று யாரும் அறிவிக்காத ஒரு வராந்தாவில், அவர் காட்டிவிடுகிறார்.

ஆனால் ஒரு குறை எனக்கு இன்னும் தீரவில்லை. இந்த நாவலில் எல்லோருக்கும் பேச வருகிறது. தலைமையாசிரியரும் ஆட்டோ டிரைவரும் வந்துபோகிறவர்களும் தத்தம் கட்சியைக் கோர்வையாக, முழு வாக்கியங்களில் எடுத்துவைக்கிறார்கள். நாக்குக் குழறுகிறவன், சொல்ல வந்ததை மறந்துவிடுகிறவன் அகப்படவில்லை. அங்கங்கே பாத்திரத்தின் வாய் வழியாக ஆசிரியரே நமக்கு வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறார் என்ற உணர்வு வருகிறது. ரேவதி ஏன் ரவியிடம் போனாள் என்பதற்குக் காரணம் காட்டவில்லை என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். எனக்கு அது குறையாகப் படவில்லை. அவளைச் சுற்றி நிற்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி அது. அவர்களுக்குக் கிடைக்காத பதில் எனக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும்?

மூன்றாவது, பழமலயின் 'சனங்களின் கதை'. 1988இல் வந்த கவிதைத் தொகுதி. சமீபத்திய புத்தகம் அல்ல. எனக்குச் சமீபத்தில் கிடைத்தது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்த சண்டை இதைச் சுற்றி: இது கவிதையா, உடைத்துப் போட்ட உரைநடையா? இருபது வயதில் கேட்டிருந்தால் தயங்காமல் இரண்டாவது என்றிருப்பேன். அப்போது எனக்குக் கவிதை என்றால் படிமம். எலியட்டை நோட்ஸ் வைத்துப் படித்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

பழமலயின் ஊர் குழுமூர், செந்துறைப் பக்கம். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 செப்டம்பரில் இறந்துபோன மாணவி அனிதாவின் ஊரும் அதுதான். அந்த நாட்களில் ஊர்ப்பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. சில நாட்களில் நின்றும்விட்டது. அந்த ஊரின் மனிதர்களையும் தன் உற்றார் உறவினரையும் உட்காரவைத்து, அவர்கள் பிழைப்பு, கஷ்டம், கோணல் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு எழுதிவைத்த கவிதைகள் அதற்கு முப்பது வருஷம் முன்பே இருந்தன. பத்திரிகையில் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு இது தெரியாது. பக்கத்து ஊர்க்காரன் எனக்கு.

எல்லாமே தேறுகின்றன என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் தகவலாகவே நின்றுவிடுகின்றன; வரியை எங்கே உடைக்க வேண்டும் என்ற பிரக்ஞை பல இடங்களில் இல்லை. தேறுகிற கவிதைகளில் நடப்பது என்ன என்று சொல்ல இன்னும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அங்கே ஒரு ஆள் எதற்கும் உவமையாக ஆகாமல் ஆளாகவே இருக்கிறான். புதுக்கவிதை நமக்குக் கற்றுக்கொடுத்த 'நான்' அங்கே மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. இதைக் கவிதை இல்லை என்று தள்ளினால் தள்ளப்படுவது எது என்று செல்லப்பா வழியில் யாராவது வரிவரியாக அலசிக் காட்ட வேண்டும். நான் பஸ்ஸில் படிக்கிறவன். இதுவரைதான் வர முடிந்தது.

போன வாரம் 'அஞ்சலை'யை மூன்றாம் முறையாக எடுத்துக்கொண்டு ஏறினேன். பக்கத்தில் ஒரு கிழவி, மடியில் சின்ன வெங்காயப் பை. கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'என்னா தம்பி அது, கதெயா?' என்றாள். கதைதான் என்றேன். 'என்னா கதெ?' என்றாள். மாப்பிள்ளையை மாற்றிக் காட்டி ஏமாற்றியதைச் சொன்னேன். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 'காட்டுனாங்களே ஒருத்தன், அவனுக்குத் தெரியுமா, தன்னெ எதுக்குக் காட்டுறாங்கன்னு?' என்று கேட்டாள்.

இரண்டு தடவை படித்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. 'பாத்துச் சொல்றேன் ஆயா' என்று முன்பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேரளி வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள்.