வார்கேம்ஸ்: செட்டிலேயே எரிந்த திரைகள்

படத்தில் கம்ப்யூட்டர் திரை வந்தால் போதும், கதையை விட்டுவிட்டு அதில் என்ன ஓடுதுன்னு படிக்க ஆரம்பிச்சிடுவேன். தொழில் புத்தி. 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' (2003) படத்தில் டிரினிட்டி நிஜமான என்மேப் மென்பொருளை ஓட்டுவதை நம்ம ஆட்கள் இன்னும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி வேறு. நடிகர் நடித்தபோது அந்தத் திரை அங்கே எரிந்துகொண்டிருந்ததா?

ஜான் பாதம் இயக்கிய 'வார்கேம்ஸ்' (1983) படத்தை எடுத்துக்குவோம். நோராட் என்ற வான் பாதுகாப்புத் தலைமையகத்தின் போர் அறையை சுமார் 10 லட்சம் டாலர் செலவில் செட் போட்டார்கள். சுவர் முழுக்க ராட்சதத் திரைகள். அவ்வளவு பெரிய டிவி அப்போது ஏது? காலின் கேன்ட்வெல் எச்பி 9845சி கம்ப்யூட்டரில் ஏவுகணைப் பாதைகளை வரைந்தார். அவற்றை ஃபிலிமில் பதிந்து, திரைகளுக்குப் பின்னாலிருந்து புரொஜெக்டரில் ஓட்டினார்கள். குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தின் விண்கலத் திரைகளும் இப்படித்தான், 16 மி.மீ. புரொஜெக்டர்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்க டிவி நொடிக்கு 30 ஃபிரேம், சினிமா கேமரா 24. சாதாரண டிவியை அப்படியே படம்பிடித்தால் கறுப்புப் பட்டை ஒன்று திரையில் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். புரொஜெக்டரும் 24-தான் என்பதால் கேமராவோடு பூட்டிவிடலாம்.

பலன் கிளைமாக்ஸில் தெரியும். ஜோஷுவா என்ற கம்ப்யூட்டர் அணு ஆயுதப் போரை விதவிதமாக ஆடிப் பார்க்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் சுவர் வெளுக்கிறது, அண்ணாந்து பார்ப்பவர்களின் முகமும் கூடவே வெளுக்கிறது. அவர்களுடைய கண்கள் சரியான இடத்தில் நிற்கின்றன. பார்க்க அங்கே ஒண்ணு இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது பல படங்களில் நடிகர் கையில் இருப்பது பச்சை நிற வெற்றுத் திரை. படம் பிறகு ஒட்டப்படும். திரையில் எச்சரிக்கை சிவப்பாக மின்னும், ஆனால் முகத்தில் அதே மாறாத நீல வெளிச்சம். கண்ணாடி போட்ட பாத்திரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எடிட்டிங்கில் வாசகத்தை மாற்றும் சுதந்திரம் கிடைக்கிறது என்பது உண்மைதான். அதற்காக முகத்தை விலையாகக் கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

'தி மாண்டலோரியன்' (2019) தொடரில் சுற்றிலும் எல்இடி சுவரை நிறுத்தியது பழைய வழிக்கே திரும்பியது மாதிரிதான். பச்சைத் திரை வைத்திருந்தால் நாயகனின் பளபளக்கும் கவசத்தில் பச்சைதான் பிரதிபலிக்கும், இங்கே வானம் பிரதிபலிக்கிறது. ஆனால் அந்தச் சுவர் வெறும் பின்னணி, யாரும் அதைப் படிப்பதில்லை. வார்கேம்ஸ் சுவரை எல்லோரும் படிக்கிறார்கள், அதற்குப் பயப்படுகிறார்கள்.

ஒரே குறை, கடைசியில் ஜோஷுவா தன் முடிவை வாய்விட்டு வேறு சொல்கிறது. சுவர் அதை ஏற்கெனவே காட்டிவிட்டதே, சார்!