அட்டைப்பெட்டியில் இல்லாத எண்

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தார். 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். மீன்களோடு உயிருள்ள பவளங்களும் உண்டு. மூன்று மாதம் நன்றாக இருந்த ஒரு ஹாமர் கோரல், புது எல்இடி லைட் மாட்டிய பத்தாம் நாள் பழுப்பு நிறம் போய் வெளுத்து நின்றது. போட்டோ அனுப்பிவிட்டு, "லைட் பத்தலை போலிருக்கு மாப்ள, ஃபுல்லா வச்சும் நீலமா மங்கலாத்தான் இருக்கு" என்றார்.

பத்தாமல் இல்லை. அதிகமாகிவிட்டது. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்த லைட் வந்த பெட்டியைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்தப் பதிவு அந்தப் பெட்டியைப் பற்றிய விமர்சனம். கம்பெனி பேர் வேண்டாம், நான் பார்த்த முக்கால்வாசிப் பெட்டிகள் ஒரே பாஷைதான் பேசுகின்றன.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது வாட். அது கரண்ட் பில்லுக்கான எண். டியூப் லைட்டும் மெட்டல் ஹேலைடும் மட்டும் இருந்த காலத்தில் 'ஒரு கேலனுக்கு இத்தனை வாட்' என்று ஒரு கணக்கு ஓடியது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி விளக்கை வைத்திருந்ததால் அது ஓரளவு ஒத்தும் வந்தது. எல்இடியில் ஒரே வாட்டுக்கு எவ்வளவு ஒளி வரும் என்பது சிப்பு, லென்ஸ், தொங்கவிடும் உயரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். இன்னும் அந்தக் கணக்கைச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

அடுத்தது லூமென். உண்மையான குழப்பம் இங்கேதான்.

லூமென் என்பது மனுஷக் கண்ணை வைத்துச் செய்த அளவு. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையில், அதிகம் உணரும். அந்த நிறத்தில் ஒரு வாட் ஒளி என்றால் 683 லூமென். அதே ஒரு வாட் ஒளி 450 நானோமீட்டர் நீலமாக வந்தால் சுமார் 26 லூமென்தான். கண்ணுக்கு இருபத்தாறில் ஒரு பங்கு. இப்போது ஃபோட்டான்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வாட் பச்சையில் விநாடிக்கு 4.6 மைக்ரோமோல், ஒரு வாட் நீலத்தில் 3.8 மைக்ரோமோல். கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கு அப்படியே இருக்கிறது. நமக்கு மங்கல் என்று படும் அந்த நீலத்தில் ஃபோட்டான்கள் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

பவளத்துக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசி ஃபோட்டானைத்தான் எண்ணும். அதன் பச்சையங்களும் பெரிடினின் என்ற நிறமியும் நன்றாக உறிஞ்சுவது நீலத்தையும் நீலப்பச்சையையும். அளவுக்கு மேல் வந்தால் ஒளிச்சேர்க்கை இயந்திரமே பழுதாகி, தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகும். பவளம் பாசியை இழந்து வெளுக்கும். மாமா வீட்டில் நடந்தது இதுதான். கண்ணுக்கு மங்கலாக இருந்ததால் நீல சேனலை 100-க்கு ஏற்றிவிட்டார். போனில் லக்ஸ் ஆப் வைத்தும் பார்த்திருக்கிறார். லக்ஸும் அதே கண்ணின் அளவுதான், அதுவும் "கம்மி" என்றே சொல்லியிருக்கும்.

கெல்வினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6,500 என்றால் பகல் வெள்ளை, 20,000 என்றால் நல்ல நீலம். நிறம் எப்படித் தெரியும் என்பதற்கான ஒரு குத்துமதிப்பு, அவ்வளவே. சேனல் சேனலாகக் கூட்டிக் குறைக்கும் லைட்டில் அதுவும் அர்த்தமில்லாமல் போகிறது.

பெட்டியில் இருக்க வேண்டிய எண் வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்கள் ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது. சுருக்கமாக பிஏஆர். வெப்பமண்டலக் கடலின் மேல்மட்டத்தில் உச்சி வெயில் சுமார் 2,000. வீட்டுத் தொட்டியில் மென்பவளங்களுக்கும் ஹாமர் போன்ற சதைப்பற்றுள்ளவற்றுக்கும் 50 முதல் 150, அக்ரோபோரா மாதிரியானவற்றுக்கு 200 முதல் 350 என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி போன்றவர்கள் பல வருஷமாக விளக்குகளை ஒவ்வொன்றாக அளந்து எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆக, அளக்கத் தெரியாமல் இல்லை.

சில கம்பெனிகள் இப்போது பிஏஆர் போடுகின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கே அளந்தது? பெரும்பாலும் விளக்குக்கு நேர் கீழே, நடுவில். மாமா ஒரு கடையிலிருந்து மீட்டர் வாடகைக்கு எடுத்து, நான் வீடியோ காலில் இருக்க, அளந்தார். ஹாமர் இருந்த நடுப்பாறையில் 410. அதே ஆழத்தில் மூலையில் 85. இந்த இரண்டும் ஒரே தொட்டி! ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் ஒளி தண்ணீரில் அழகாக அலையடிக்கும். கூடவே கிளைக்குக் கீழே கன்னங்கரேல் என்று நிழலும் விழும். அதனால் நீளமான தொட்டிக்கு ஒரு பெரிய லைட்டைவிட இரண்டு சின்ன லைட் மேல் என்பது என் கட்சி. (மீட்டர் வாங்குகிறவர்கள் கவனிக்க: பழைய மாடல் சென்சார்கள் சில நீலத்தைக் குறைத்துக் காட்டும்.)

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வாசகம்: 'ஆழ்கடலின் இயற்கை நீலம்'. தண்ணீர் சிவப்பை உறிஞ்சும், ஆழத்தில் நீலம் மிஞ்சும் என்பது நிஜம். ஆனால் கடையில் விற்கும் பவளங்களில் பல ஆழம் குறைந்த திட்டுகளிலும் வாழ்பவை, அங்கே எல்லா நிறமும் கிடைக்கிறது. 45 செ.மீ. தண்ணீர் சிவப்பைக்கூடப் பெரிதாகத் தடுக்காது. நீலம் அதிகம் வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பவளத்தின் ஒளிரும் புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பித் தரும். பார்க்க ஜெகஜோதியாக இருக்கும். விற்பனைப் படங்கள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் எடுத்தவை. ரசிக்கலாம், தப்பில்லை. அதை 'இயற்கை' என்று விற்பதுதான் உறுத்துகிறது.

ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். அந்த லைட்டின் ஆப்பில் 'பழக்கும் முறை' என்று ஒரு வசதி இருக்கிறது. குறைந்த சதவீதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றும். பவளம் தன் நிறமிகளை மாற்றிக்கொள்ள அந்த அவகாசம் தேவை. அருமையான விஷயம். அது கையேட்டில் 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது. பெட்டியில் ஒரு வரி இல்லை.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு ஒடித்து வருவதும் குற்றம். லைட் விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரியுங்கள்.

மாமா லைட்டை 30 செ.மீ. உயர்த்தி, 25 சதவீதத்துக்கு இறக்கி, ஹாமரை மூலைக்குப் பக்கமாக நகர்த்தினார். இரண்டு தலைகளில் ஒன்று போய்விட்டது. இன்னொன்றின் அடிப்பக்கம் ஆறு வாரம் கழித்து லேசாகப் பழுப்பு ஏறியது. நேற்று மறுபடி போன். "ஹால்ல உட்கார்ந்து பார்த்தா தொட்டி டல்லாவே இருக்கு, உங்க அக்காவும் சொல்றா. ஒரு பத்து சதவீதம் ஏத்தட்டுமா மாப்ள?"

"ஏத்துங்க மாமா, வெள்ளையை மட்டும் ரெண்டு ரெண்டா. நீலத்தைத் தொடாதீங்க. மீட்டரைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"