சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

மூளைநீரை வடிக்கும் ஷண்ட்டில் கம்பியில்லா அழுத்த சென்சாரைப் பதிப்பவர்களிடம் எந்தக் கேள்வி கேட்டாலும், கடைசியில் ஒரே பதில்தான் வரும்: "கூடுதல் தகவலால் யாருக்கு என்ன கேடு?" புத்தாக்க விருது மேடைகளில் கைதட்டல் வாங்கித் தருவதும் இந்த வாதம்தான். எனக்கு நெடுநாளாகவே இதில் உடன்பாடில்லை. கேடு உண்டு.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். ஷண்ட் அடிக்கடி பழுதாகும் கருவி. 1998இல் வெளியான வால்வு ஒப்பீட்டு ஆய்வில், குழந்தைகளுக்கு வைத்தவற்றில் ஓராண்டு முடிவில் 61 சதவீதமும், ஈராண்டு முடிவில் 47 சதவீதமும்தான் பழுதில்லாமல் மிஞ்சின. பழுதானால் வாந்தி, தலைவலி, சோர்வு வரும். சாதாரணக் காய்ச்சலிலும் அவைதான் வரும். சந்தேகம் வரும்போதெல்லாம் சி.டி. எடுத்தால் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். ஜெர்மனியின் மீத்கே நிறுவனச் சென்சாருக்கு ஊசி வேண்டாம், பேட்டரி வேண்டாம். தோலின் மேல் ஆன்டெனாவைப் பிடித்தால் அழுத்தம் தெரிந்துவிடும். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியமைக்க வேண்டிய பெரியவர்களுக்கு இது நிச்சயம் உதவும்.

என் மறுப்பு சென்சார் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றியது. அது மூளையின் நீரறைக்குள் இல்லை. அறையிலிருந்து வரும் குழாய்க்கும் வால்வுக்கும் நடுவில், மண்டையோட்டின் மேல் இருக்கிறது. குழந்தைகளிடம் ஷண்ட் அதிகம் அடைத்துக்கொள்வதோ அதற்கும் முன்னால், அறைக்குள் நீட்டியிருக்கும் குழாய் நுனியில். அங்குள்ள நுண்துளைகளுக்குள் மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலின் திசு புகுந்து வளர்ந்து வழியை மூடிவிடுகிறது. அப்படி மூடியதும், அடைப்புக்குக் கீழே உள்ள நீர் வால்வு வழியே வயிற்றுக்கு இறங்கிவிடும். சென்சார் பகுதியில் அழுத்தம் தாழும். மேலே மூளையில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். மதகு அடைபட்ட ஏரியின் மட்டத்தை வாய்க்காலில் நின்று அளக்கிற கதைதான் இது. ஆபத்து உச்சத்தில் இருக்கும் வேளையில் திரையில் தெரிவது நல்ல எண்.

ஆதரவாளர்களுக்கு இது தெரியாததல்ல. "எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அலையைப் பாருங்கள்" என்கிறார்கள். இதயம் துடிக்கும்போதெல்லாம் மூளைநீரின் அழுத்தமும் சிறிது ஏறி இறங்கும். குழாய் அடைத்தால் அந்தத் துடிப்பு மட்டுப்படும். உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறி நீர் வடிந்து அறை சுருங்கினாலும் துடிப்பு மட்டுப்படலாம். இரண்டையும் பிரித்துப் படிக்க அனுபவம் வேண்டும். அத்தகைய அனுபவசாலி அவசரப் பிரிவில் நள்ளிரவில் இருக்கப்போவதில்லை. இருப்பவர் பயிற்சி மருத்துவர். அவர் எண்ணைத்தான் படிப்பார்.

அந்த எண்ணும் உறுதியானதல்ல. படுத்திருக்கும் பெரியவருக்கு 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் இயல்பு என்பார்கள். எழுந்து நின்றால் அது பூஜ்யத்துக்கும் கீழே போகும். அழுகிற குழந்தைக்கு எகிறும். போதாதற்கு, பதித்த சென்சாரின் பூஜ்யம் மாதக்கணக்கில் மெல்ல நகரக்கூடும். தோலுக்கடியில் போனபின் அதைச் சரிபார்க்க எளிய வழி இல்லை. ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், நோயாளி நலமானவராகிவிடுவார்.

இவ்வளவு தள்ளாடும் எண் எதை வெல்லப் போகிறது என்பதுதான் என் கவலை. குழந்தை நரம்பியல் அறுவை வார்டில் எழுதாத விதி ஒன்று உண்டு: "ஷண்ட்டில்தான் ஏதோ கோளாறு" என்று தாய் சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் வரை அது கோளாறுதான். "போன தடவை அடைச்சப்போ பார்த்த மாதிரியே பார்க்கிறான் டாக்டர், கண் மேலே போக மாட்டேங்குது" என்கிற தாயின் பேச்சை இதுவரை ஸ்கேன் சோதித்துப் பார்த்தது. இனி ஆன்டெனா முந்திக்கொள்ளும். எண் நன்றாக இருந்தால் ஸ்கேன் தள்ளிப்போகும். ஸ்கேனைக் குறைப்பதுதானே இந்தக் கருவியின் விளம்பரமே?

இந்தத் துறை விலை உயர்ந்த கருவியை நம்பி ஏமாறுவது இது முதல் முறையல்ல. நரம்பியல் அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் உகாண்டாக் குழந்தைகளிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இந்தியாவில் தயாரான 35 டாலர் சாப்ரா ஷண்ட்டும் 650 டாலர் கோட்மன்-ஹக்கிம் ஷண்ட்டும் ஓராண்டில் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஷண்ட் தொற்றை 6 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது, நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டிய சாதாரணக் குழாய். குழாய் நுனி அடைக்காமல் இருக்க வழி கண்டால் அதுதான் அடுத்த பாய்ச்சல். அடைத்த குழாயை வேடிக்கை பார்க்கும் கருவிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சென்சார் வைத்த குழந்தைகளையும் வைக்காத குழந்தைகளையும் குலுக்கல் முறையில் பிரித்து, தவறவிட்ட அடைப்புகள் எந்தப் பக்கம் குறைவு என்று காட்டட்டும், நானும் கைதட்டுகிறேன். அதுவரை, நல்ல எண்ணைக் காட்டி ஒரு தாயை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் எந்தச் சென்சாருக்கும் கிடையாது.