பத்து நிமிடமும் பதினைந்து ஆண்டும்

வடசென்னையின் காத்திவாக்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள், புற்றுநோய் ஆய்வைப் பற்றி எழுதுகிறவன் என்பதால், தேநீர்க் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, இந்தச் சாம்பக் காத்துல கேன்சர் வருமா, வராதா?” எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். சாம்பல் இன்னும் கழிமுகத்தில் கிடக்கிறது. கன்டெய்னர் லாரிகள் இரவிலும் ஓய்வதில்லை. டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசை 2013-லும் லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதிசெய்துவிட்டது. ஆனால் ‘உண்டாக்கும்’ என்பது வேறு, ‘எங்கள் தெருவில் எத்தனை பேருக்கு உண்டாக்கியது’ என்பது வேறு.

இளம் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கான மாநாடுகளுக்கு இந்தக் கேள்வியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். முனைவர் பட்ட மாணவர்களும், பட்டம் வாங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களும் கூடும் இடம் அது. அப்ஸ்ட்ராக்ட் அனுப்ப வேண்டும், தேர்வானால் போஸ்டர், கொடுத்துவைத்தவர்களுக்கு மேடையில் பத்து நிமிடம். இதைக் கேலி செய்வது சுலபம். போஸ்டர் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். தன் கைடைத் தவிர வேறு யாரும் படித்திராத வேலையை, முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து பார்த்து, “இந்த கன்ட்ரோல் சரியில்லையே” என்கிறார். முகம் வாடுகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் இரண்டு வருட வீண் உழைப்பை மிச்சப்படுத்திவிடும்.

கெட்ட செய்தியை நேருக்கு நேர் சொல்ல இடம் தருவதுதான் மாநாட்டின் முதல் பலம் என்பேன். 1966-இல் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டில் செல் வளர்ப்பு வல்லுநர்கள் கூடியபோது, அந்தத் துறைக்கு வெளியாளான மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் எழுந்து, ஆய்வகங்கள் நம்பிப் பயன்படுத்திவந்த 18 செல் வரிசைகள் உண்மையில் ஹீலா செல்களே என்றார். வெவ்வேறு உறுப்புகளின் செல்கள் என்று நினைத்து ஒரே பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றைத்தான் எல்லோரும் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அவரைக் கொண்டாடவில்லை. பலர் பல ஆண்டுகள் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் சொல்லியாயிற்று, கேட்கவில்லை என்று யாரும் பிறகு சொல்ல முடியாது.

இன்றைய இளையவர் ஒருவர் மேடையேறி அப்படிச் சொல்வாரா? மாட்டார். நடுவர் வரிசையில் இருப்பவர்தான் நாளை அவருடைய வேலை நேர்காணலிலும் இருப்பார். கார்டன் ஆய்வு மாநாடுகள் இதைப் புரிந்துகொண்டன. பெரிய மாநாட்டுக்கு முந்தைய இரண்டு நாளை மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்குகளுக்குமே ஒதுக்குகிறார்கள். பெரியவர்கள் கண்ணில் படாத இடத்தில் கேள்விகள் கூர்மையாவதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பணக் கதைக்கு அதிக வரிகள் தேவையில்லை. முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதில் ரெஜிஸ்ட்ரேஷன், ரயில், அறை என்று முதலில் கையிலிருந்து போடுபவருக்கு, ரசீது கொடுத்தபின் திரும்ப வரும் பயண நிதி என்பது கடன்தான். 2020 ஏப்ரலில் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கம் தன் மாநாட்டை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது, வாசல் திறந்தால் யாரெல்லாம் உள்ளே வர முடியும் என்பது தெரிந்தது. வராண்டாப் பேச்சு போனது நஷ்டம்தான். விசா வரிசையில் நிற்கவே முடியாதவருக்கு அந்த வராண்டா எப்போது இருந்தது?

சான்றிதழ் பசியைச் சுரண்டப் போலி மாநாடுகளும் முளைத்தன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தும்படி உத்தரவிட்டது. வராத பேரறிஞர்களை வருவதாக விளம்பரம் செய்ததும் வழக்கின் ஒரு பகுதி.

இவையெல்லாம் வெளிக்குறைகள். உள்ளே இருக்கும் குறை கடிகாரம் சம்பந்தப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ, அறிவியல் மாநாட்டுச் சுருக்கங்களை அலசிய 2018-இன் காக்ரேன் மதிப்பாய்வு, அவற்றில் சுமார் 37 சதவீதமே முழுக் கட்டுரையாக வெளிவந்தன என்கிறது. சாதகமான முடிவு சொன்னவை வெளிவரும் வாய்ப்பு கூடுதல். ஆக, கெடு தேதிக்குள் முடியக்கூடிய, முடிந்ததுபோல் தெரியக்கூடிய கேள்விக்குத்தான் மேடை. செல் வரிசையில் ஒரு மூலிகைச் சாற்றை ஊற்றினால் ஆறு மாதத்தில் அழகான வரைபடம் கிடைத்துவிடும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய கருப்பை வாய்ப் புற்றுப் பரிசோதனை ஆய்வை நினைத்துப் பாருங்கள். அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறை. அம்பிலிக்கை மருத்துவமனை முதல் லியோன் வரை பலர் கை சேர்ந்த வேலை. சாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று ‘லான்செட்’டில் வெளியாக 2007 ஆயிற்று. இரண்டாம் ஆண்டில் அதில் வேலை பார்த்த இளைஞர் எந்தப் போஸ்டர் பரிசை வாங்கியிருக்க முடியும்?

புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையும் அப்படித்தான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980-களின் தொடக்கத்தில் உருவான சென்னைப் பதிவேடு, மருத்துவமனை ஆவணங்களையும் இறப்புப் பதிவுகளையும் நேரில் போய்ப் புரட்டிச் சேர்த்தது. சென்னைப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்று குறைந்து மார்பகப் புற்று ஏறியதை அந்தப் பொறுமைதான் காட்டியது. அதன் எல்லை மாநகராட்சியின் எல்லை. காத்திவாக்கம் 2011-இல்தான் மாநகராட்சிக்குள் வந்தது. புகைபோக்கிகள் உச்சத்தில் இருந்த காலத்துக்கு நம் தெருவின் கணக்கு அந்த நீண்ட தொடரில் இல்லை. மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டம் 2012-இல்தான் வந்தது.

மாற்று வடிவம் இல்லாமல் இல்லை. டாட்டா நினைவு மருத்துவமனையினர் 2015 முதல் நடத்தும் ‘கிரிடோ’ பயிலரங்குக்கு இளம் மருத்துவர்கள் முடிவோடு போவதில்லை. அரைகுறை யோசனையோடு போகிறார்கள். சில நாள் அங்கேயே தங்கி, மூத்தவர்கள் கிழித்துப்போட, ராத்திரியில் திருத்தி எழுதி, முழு ஆய்வுத் திட்டத்தோடு திரும்புகிறார்கள். எனக்கு இது போஸ்டர் திருவிழாவைவிட உயர்ந்ததாகப் படுகிறது. ஆனால் இது சிலருக்கே எட்டும். அதுவும் சிகிச்சைச் சோதனைகளை மனத்தில் வைத்து வார்த்தது. சாம்பல் காற்றுக்கு அங்கும் இடம் குறைவு.

ஒரு மாநாட்டில் கடைசி வரிசையில் ஒரு போஸ்டரைப் பார்த்தேன். நோயாளிகளின் முகவரி மட்டுமல்லாமல், அந்த முகவரியில் எத்தனை வருடமாகக் குடியிருக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்யும் திட்டம். ‘முடிவுகள்’ என்ற கட்டத்தில் ‘சேகரிப்பு நடைபெறுகிறது’ என்று மட்டும் இருந்தது. நடுவர்கள் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. நான் நின்றேன். “எவ்வளவு காலம் ஆகும்மா?” என்று கேட்டேன்.

“பதினஞ்சு வருஷம் பார்த்தாத்தான் ஏதாவது சொல்ல முடியும் சார். எனக்கு ஃபெலோஷிப் இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு.”