வேகத்துக்காக அணைக்கப்படும் காவல்: பிடிஎஃப் தாமதத்துக்கு ஒரு வைத்தியம்

வில்லங்கச் சான்றும் பட்டா, சிட்டா நகலும் இ-ஆதாரும் இன்று பிடிஎஃப் கோப்புகளாகவே கைக்கு வருகின்றன. திண்டுக்கல் நகரிலும் வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலும் பலருக்கு அவற்றைத் திறந்து அச்செடுத்துத் தருபவை இ-சேவை மையங்களும் நெட் சென்டர்களும்தான். கோப்பு திறக்கத் தாமதமானால் வரிசை நீளும். அந்த அவசரத்தில் அடோபி ரீடரின் பாதுகாப்பு அமைப்புகளை அணைத்துவிடுவது கைக்கெட்டும் வைத்தியமாகிறது.

இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2010-இல் ரீடர் எக்ஸ் பதிப்போடு வந்த ‘புரொடெக்டட் மோடு’, கோப்பைக் காட்டும் வேலையை மிகக் குறைந்த உரிமைகளுக்குள் அடைத்து வைக்கிறது. கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தீய நிரலால் கணினியில் எதையும் எழுதவோ வேறொன்றை இயக்கவோ எளிதில் முடியாது. ஆனால் இந்த ஏற்பாடு சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களோடு மோதுவதும், வேறு கணினியின் பகிர்வு ஃபோல்டரிலிருந்து திறக்கும்போது தடுமாறுவதும் உண்டு. எனவே ஒருமுறை அணைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. உடனே வேகம் கூடினால் காரணம் அங்கே இருக்கிறது.

சோதனையை அப்படியே தீர்வாக விட்டுவிடுவதுதான் தவறு. புரொடெக்டட் மோடு, கோப்பைப் படிக்க மட்டும் விடும் புரொடெக்டட் வியூ, என்ஹான்ஸ்டு செக்யூரிட்டி ஆகிய மூன்றும் செட்டிங்ஸில் ஒரே பக்கத்தில் இருப்பதால் மூன்றும் சேர்ந்தே அணைக்கப்படுகின்றன. எது காரணம் என்பது தெரியாமலே போகிறது. காரணம் அந்தப் பக்கத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். இ-ஆதார் டிஜிட்டல் கையொப்பமிட்ட கோப்பு. திறந்த உடனேயே ரீடர் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க முனைகிறது. சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று அறிய இணையத்தில் சர்வரைத் தேடிப் போகலாம். இணைப்பு மந்தமாக இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். கையொப்பமில்லாத கோப்பு ஒன்றை அதே கணினியில் திறந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், திறக்கும்போதே சரிபார்க்கும் தெரிவை மட்டும் நீக்கிவிட்டு, வேண்டியபோது தனியாகச் சரிபார்க்கலாம். ஸ்கேன் செய்த பழைய பத்திரம் மெதுவாகத் திறப்பதற்கோ அதன் பெரிய படங்களே போதும். செட்டிங்ஸைக் குறை சொல்வதற்கில்லை.

‘அந்தக் காவலையும் உடைக்கிறார்களே’ என்பது அணைப்பவர்களின் வலுவான வாதம். உண்மைதான்: 2013 பிப்ரவரியில் புரொடெக்டட் மோடைத் தாண்டிய தாக்குதல் வெளிவந்தது. ஆனால் திருத்தம் வரும்வரை அடோபி பரிந்துரைத்தது புரொடெக்டட் வியூவை இயக்கும்படிதான். ஒரு காவல் விழுந்தால் அடுத்தது தாங்கும் என்பதே இந்த அடுக்குகளின் பொருள்.

ஆயினும் புரொடெக்டட் வியூவுக்கும் நெட் சென்டருக்கே உரிய ஓர் ஓட்டை இருக்கிறது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின் மேல் விண்டோஸ் ஒரு குறி வைக்கிறது; ‘சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து வந்த கோப்புகளுக்கு மட்டும்’ என்ற தெரிவு அந்தக் குறியையும் நம்பித்தான் இயங்குகிறது. ஆனால் எஃப்ஏடி32 வடிவிலுள்ள பென் டிரைவில் அந்தக் குறி தங்காது. ஊரார் கோப்புகள் பென் டிரைவிலேயே வரும் கடையில் இந்தக் காவல் பாதியாகிவிடுகிறது. அங்கே புரொடெக்டட் மோடையும் அணைத்தால் பெரும்பாலும் ஆன்டிவைரஸையே நம்ப வேண்டியிருக்கும். அதே கணினியில் அடுத்தவரின் ஆதாரும் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகின்றன. புரொடெக்டட் வியூ குறுக்கிடாதபடி டவுன்லோட்ஸ் ஃபோல்டரையே ரீடரில் நம்பகமான இடமாகச் சேர்த்துவிடுவதும் இதே அளவு ஆபத்தானது.

முதலில் ரீடரைப் புதுப்பித்து, கோப்பைக் கணினியிலேயே நகலெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதித்து, சோதித்ததும் மீண்டும் இயக்கிவிட வேண்டும். புரொடெக்டட் மோடோடு ரீடர் ஓடவே மறுத்தால், அச்செடுப்பதற்குக் குரோம் போன்ற பிரவுசர் போதும். அதற்கும் தனிப் பாதுகாப்பு அடைப்பு உண்டு. ஆனால் அது டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்துச் சொல்லாது; சான்று உண்மையானதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் ரீடரையே திறக்க வேண்டும்.